சர்க்கரைக்கு வரி போட்டால் சர்க்கரை நோய் குறையுமா?

‘‘வாய் என்னுது, காசு என்னுது, உடம்பும் என்னுது. நான் எதைத் தின்னா கவர்ன்மென்ட்டுக்கு என்ன வந்துச்சு?’’

உடம்புக்கு ஆகாத பொருள்களுக்கு வரி என்று பேச்செடுத்தாலே முதலில் வந்து விழுகிற கேள்வி இது. இன்னொரு பக்கம், பிள்ளை தினமும் ஒரு பாட்டில் கலர் குடிக்கிறானே என்று கவலைப்படுகிற அம்மாக்கள், ‘‘இந்தக் கண்றாவிக்கெல்லாம் வரியைத் தீட்டினா என்ன? விலை ஏறினாலாவது விடுவாங்க!’’ என்கிறார்கள்.

இரண்டு பேரில் யார் சொல்வது சரி?

இதை வெறும் வாய்ப்பேச்சால் தீர்க்க வேண்டியதில்லை. பல நாடுகள் நிஜமாகவே இதைச் செய்து பார்த்துவிட்டன. சில இடங்களில் பலித்தது. சில இடங்களில் பல்லிளித்தது. நமக்குப் பக்கத்து வீடான கேரளாவில்கூட ஒரு தடவை நடந்தது. எங்கே, ஏன் பலித்தது என்று தெரிந்துகொண்டால், நம் மளிகை லிஸ்ட்டில் எதற்கு வரி வேண்டும், எதற்குக் கூடாது என்பது விளங்கிவிடும்.

என்ன அவசரம்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபட்டீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நாடு முழுக்க ஓர் ஆய்வு நடத்தின. 2023-ல் வெளிவந்த அதன் முடிவு தூக்கத்தைக் கெடுப்பது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி பேர். இன்னும் 13.6 கோடி பேர் அதற்கு முந்தைய கட்டத்தில், வாசற்படியில் நிற்கிறார்கள். புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 சதவிகிதம் பேருக்கும், கேரளாவில் 25.5 சதவிகிதம் பேருக்கும் நோய் இருக்கிறது. நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் அதில் ஒருவர்!

சர்க்கரை நோய்க்குச் சர்க்கரை மட்டுமே காரணம் அல்ல. பரம்பரை, தட்டு நிறையச் சோறு, உட்கார்ந்தே பார்க்கும் வேலை, தொப்பை எல்லாமே கூட்டாளிகள். ஆனால் இந்தக் கூட்டத்தில் சுலபமாகக் கையைப் பிடித்து வெளியே தள்ளக்கூடிய ஆசாமி ஒருவன் உண்டு. அவன்தான் பாட்டிலில் வரும் சர்க்கரைத் தண்ணீர்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாம் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை, ஒரு நாளைய மொத்த கலோரியில் 10 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. 5 சதவிகிதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2,000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு 10 சதவிகிதம் என்பது 50 கிராம். 5 சதவிகிதம் என்பது 25 கிராம். சாதாரண கோலா பானத்தில் 100 மில்லிக்குச் சுமார் 10 முதல் 11 கிராம் சர்க்கரை. அதாவது 250 மில்லி பாட்டில் ஒன்றில் 25 கிராமுக்கு மேல், ஐந்து டீஸ்பூன்! ஒரே மடக்கில் ஒரு நாள் ரேஷன் காலி.

இத்தனை சர்க்கரையும் இட்லி மாதிரி வயிற்றை நிரப்பினாலாவது பரவாயில்லை. திரவமாக உள்ளே போகிற சர்க்கரை பசியை அடக்குவதில்லை. பாட்டிலைக் குடித்துவிட்டு, வழக்கமான சாப்பாட்டையும் ஒரு பிடி பிடிக்கிறோம். உலகத்து டாக்டர்களும் நிதி மந்திரிகளும் முதலில் இந்தப் பாட்டிலைக் குறி வைத்ததற்குக் காரணம் இதுதான்.

சிகரெட் சொல்லிக்கொடுத்த பாடம்

விலை ஏறினால் பழக்கம் குறையுமா? சிகரெட் விஷயத்தில் இதற்கு எப்போதோ பதில் கிடைத்துவிட்டது. புகையிலையின் விலை 10 சதவிகிதம் ஏறினால், பணக்கார நாடுகளில் உபயோகம் சுமார் 4 சதவிகிதமும், நம்மைப் போன்ற நாடுகளில் சுமார் 5 சதவிகிதமும் குறைகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதிலும் முதலில் நிறுத்துகிறவர்கள் யார் தெரியுமா? கையில் காசு குறைவாக இருக்கும் இளைஞர்கள். இருபது வருஷமாக ஊதித் தள்ளுகிற மாமாவை வரி அசைக்காது. காலேஜில் முதல் சிகரெட்டைப் பற்ற வைக்க நினைக்கும் மருமகனை அது தடுக்கும்.

ஆனால் ஒன்று. பக்கத்திலேயே மலிவாக இன்னொன்று இருந்தால் இந்த வித்தை பலிக்காது. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் சிகரெட்டை 40 சதவிகித வரிக்கு உரியது என்று முடிவு செய்தபோதே, பீடியை 28-லிருந்து 18 சதவிகிதத்துக்கு இறக்கவும் முடிவெடுத்தது. பீடி சுற்றிப் பிழைக்கிற பெண்கள் நம் நெல்லை, தென்காசிப் பக்கம் நிறைய உண்டு. அவர்கள் அடுப்பு எரிய வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால், நுரையீரலுக்குப் பீடிப் புகை, சிகரெட் புகை என்ற பேதமெல்லாம் தெரியாதே!

மெக்சிகோ: ஒரு பெசோ செய்த வேலை

கூல்டிரிங்க்ஸை வீட்டுத் தண்ணீர் மாதிரி குடிக்கிற நாடு மெக்சிகோ. அங்கே 2014 ஜனவரியிலிருந்து, சர்க்கரை சேர்த்த பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ என்று வரி போட்டார்கள். விலை சுமார் 10 சதவிகிதம் ஏறியது.

அடுத்து என்ன ஆச்சு? வீடுகளில் என்ன வாங்குகிறார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்தார்கள். முதல் வருஷத்தில் இந்தப் பானங்களை வாங்குவது சராசரியாக 6 சதவிகிதம் குறைந்தது. வருஷக் கடைசியில், டிசம்பரில், குறைவு 12 சதவிகிதத்தைத் தொட்டது. ஏழைக் குடும்பங்களில் மட்டும் பார்த்தால் 17 சதவிகிதம்! வரி இல்லாத பானங்களின் விற்பனை 4 சதவிகிதம் கூடியது. அதில் பெரும்பகுதி வெறும் பாட்டில் தண்ணீர்.

‘கொஞ்ச நாளில் பழகிப்போய், பழையபடி வாங்க ஆரம்பித்துவிடுவார்கள்’ என்று சொன்னவர்களும் உண்டு. இரண்டாவது வருஷம் குறைவு 10 சதவிகிதத்தை நெருங்கியது. அதாவது, கூடத்தான் செய்தது.

மெக்சிகோவில் எது பலித்தது? வரிக்குரிய பொருள் தெளிவாக இருந்தது. அதை விட்டால் குடிக்கப் பக்கத்திலேயே தண்ணீர் இருந்தது. ‘இந்தப் பணத்தில் ஸ்கூல் பிள்ளைகளுக்குச் சுத்தமான குடிதண்ணீர் கொடுங்கள்’ என்ற கோரிக்கையும் வரியோடு சேர்ந்தே எழுந்தது. தாகத்துக்கு வரி போடவில்லை, சர்க்கரைக்குத்தான் போட்டார்கள்.

டென்மார்க்: பதினைந்து மாதத்தில் பணால்

டென்மார்க் இன்னும் பெரிய வலையாக வீசியது. 2011 அக்டோபரில் நிறைவுற்ற கொழுப்புக்கு வரி. ஒரு பொருளில் அது 2.3 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால், அந்தக் கொழுப்பு கிலோவுக்கு 16 குரோனர். வெண்ணெய், சீஸ், எண்ணெய், இறைச்சி என்று அடுப்படியில் பாதிப் பொருள்கள் வலையில் விழுந்தன.

ஜனங்கள் சும்மா இருப்பார்களா? காரை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி ஜெர்மனிக்குப் போய் வெண்ணெய் வாங்கி வந்தார்கள். எந்தப் பொருளில் எத்தனை கிராம் என்று கணக்கு எழுதியே கம்பெனிகள் சலித்துப்போயின. 2013 ஜனவரி முதல் தேதி, வரி மூட்டை கட்டப்பட்டது. பதினைந்தே மாசம்!

வலை பெரிதாக இருந்ததுதான் கோளாறு. வெண்ணெயும் சீஸும் அந்த ஊரில் அன்றாடச் சாப்பாடு. அன்றாடச் சாப்பாட்டில் கை வைத்தால் ஊரே எதிராகத் திரும்பும். இது நமக்குத் தெரியாத சமாசாரமா? உப்புக்கு வரியா என்று கேட்டு, 1930-ல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தே போன ஊர்க்காரர்கள்தானே நாம்! உப்பு ஒவ்வொருவருக்கும் தேவை. அதற்கு வரி போட்டால் ஏழை தப்பிக்க வழியே இல்லை. கூல்டிரிங்க்ஸ் அப்படி இல்லை. வேண்டாம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம்.

கேரளா: பர்கருக்கு வரி, பரோட்டாவுக்கு?

2016 ஜூலையில் கேரள நிதி அமைச்சர் தாமஸ் ஐசக் தன் பட்ஜெட்டில் ஒரு ‘கொழுப்பு வரி’யை அறிவித்தார். பிராண்டட் ரெஸ்டாரன்ட்டுகளில் விற்கும் பர்கர், பீட்சா, டோநட் போன்றவற்றுக்கு 14.5 சதவிகிதம். நாடே திரும்பிப் பார்த்தது. இந்தியாவில் இப்படிப் பெயர் சொல்லி ஒரு கொழுப்பு வரி வருவது அப்போது புதுசு.

நோக்கம் நல்லதுதான். ஆனால் பக்கத்துக் கடையில் எண்ணெய் சொட்டச் சொட்ட பரோட்டாவும், பழம்பொரியும், நேந்திரங்காய் சிப்ஸும் தாராளமாகக் கிடைத்தன. அவற்றுக்கு இந்த வரி கிடையாது. பர்கர் சாப்பிடப் போகிறவர் பெரும்பாலும் வசதியானவர். பில்லில் கொஞ்சம் கூடினால் கவலைப்பட மாட்டார். அப்படியே கவலைப்பட்டாலும் பரோட்டா கடைக்குத்தான் போவார், பழக்கடைக்கு அல்ல. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் இந்த வரி அதில் கரைந்து போயிற்று. அது யாருடைய உடம்பையாவது மாற்றியதா என்று பார்க்கக்கூட அவகாசம் கிடைக்கவில்லை.

பிரிட்டன்: குறி நாக்கு அல்ல, ஃபேக்டரி!

எல்லாவற்றிலும் சாமர்த்தியமான வழி பிரிட்டன் பிடித்ததுதான். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

2016 மார்ச்சில் அந்த நாட்டு நிதி அமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் அறிவித்தார்: ‘கூல்டிரிங்க்ஸ் தயாரிக்கிறவர்களே, 100 மில்லியில் 5 கிராமுக்குக் கீழே சர்க்கரை இருந்தால் உங்களுக்கு வரியே இல்லை. 5 முதல் 8 கிராமுக்குள் இருந்தால் லிட்டருக்கு 18 பென்ஸ். 8 கிராமும் அதற்கு மேலும் இருந்தால் 24 பென்ஸ். அமலுக்கு வருவது 2018 ஏப்ரலில்.’

கவனித்தீர்களா? உடனே வரி போடவில்லை. இரண்டு வருஷம் தவணை கொடுத்தார்கள். அந்த இரண்டு வருஷத்தில் கம்பெனிக்காரர்கள் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார்கள். வரி கட்டி விலையை ஏற்றுவதா? சர்க்கரையைக் குறைத்துவிட்டு வரியிலிருந்து தப்பிப்பதா? பல கம்பெனிகள் இரண்டாவது வழியைத்தான் எடுத்தன.

2015-ல் கடை அலமாரியில் இருந்த பானங்களில் பாதிக்குப் பாதி, 5 கிராம் கோட்டைத் தாண்டியவை. 2019 பிப்ரவரியில் அப்படிப்பட்டவை 15 சதவிகிதம்தான்! வாங்குகிறவர் எதையும் யோசிக்கவில்லை, பழக்கத்தை மாற்றவில்லை. அதே கடை, அதே பாட்டில். உள்ளே சர்க்கரை மட்டும் குறைந்துவிட்டது.

இன்னொரு வேடிக்கை. முதல் வருஷம் இந்த வரியில் 52 கோடி பவுண்டு வரும் என்று முதலில் கணக்குப் போட்டிருந்தார்கள். வந்ததோ 24 கோடி அளவில்தான். மற்ற வரியாக இருந்தால் இதைத் தோல்வி என்போம். இங்கே, வராமல் போன பணம்தான் வெற்றி. கம்பெனிகள் சர்க்கரையைக் குறைத்துவிட்டன என்றுதானே அதற்கு அர்த்தம்!

உடம்பில் ஏதாவது தெரிந்ததா? 10, 11 வயதுப் பெண் குழந்தைகளிடம் உடல் பருமன், வரி இல்லாமல் இருந்திருந்தால் எதிர்பார்த்திருக்கக்கூடிய அளவைவிட 8 சதவிகிதம் குறைவாக இருந்ததாக 2023-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அதே வயதுப் பையன்களிடம் தெளிவான மாற்றம் தெரியவில்லை. இங்கிலாந்தில் சொத்தைப் பல்லைப் பிடுங்குவதற்காக 18 வயதுக்கு உட்பட்டவர்களை ஆஸ்பத்திரியில் சேர்ப்பது, எதிர்பார்த்ததைவிட 12 சதவிகிதம் குறைந்தது என்றது இன்னோர் ஆய்வு. மந்திரத்தால் மாங்காய் விழவில்லை. ஆனால் ஒரே ஒரு வரிக்கு இது சின்ன விளைச்சல் இல்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சர்க்கரையைக் குறைத்த கம்பெனிகளில் பல, அதற்குப் பதில் செயற்கை இனிப்பைச் சேர்த்தன. எடை குறைக்கச் செயற்கை இனிப்பை நம்ப வேண்டாம் என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. ‘சுகர் ஃப்ரீ’ என்றதும் ரெண்டு பாட்டிலாக வாங்கிவிடாதீர்கள்!

நம் ஊர்: இனிப்பை அளக்காத வரி

இப்போது நம் கதைக்கு வருவோம். ‘இந்தியாவில்தான் கூல்டிரிங்க்ஸுக்கு 40 சதவிகித வரி இருக்கிறதே, உலகத்திலேயே பெரிய வரிகளில் ஒன்றாயிற்றே’ என்பீர்கள். உண்மைதான். 2017 ஜூலையிலேயே 28 சதவிகித வரியும் 12 சதவிகித செஸ்ஸுமாக மொத்தம் 40. 2025 செப்டம்பர் 22 முதல் செஸ் போய், நேரடியாகவே 40. ஆனால் இதற்குள் ஓர் ஓட்டை இருக்கிறது.

100 மில்லியில் 11 கிராம் சர்க்கரை இருக்கும் கோலாவுக்கும் 40 சதவிகிதம். சர்க்கரையே இல்லாத கோலாவுக்கும் 40 சதவிகிதம். 11 கிராமை 5 கிராமாகக் குறைத்தால் கம்பெனிக்கு ஒரு பைசா லாபம் இல்லை. பிறகு அவன் ஏன் குறைக்கப் போகிறான்? பிரிட்டன்காரன் ஃபேக்டரியைக் குறி வைத்தான். நாம் வாங்குகிறவரின் பர்ஸை மட்டும் குறி வைத்திருக்கிறோம்.

அடுத்த ஓட்டை இன்னும் பெரிது. கேஸ் அடைக்காத பழக்கூழ் பானங்களுக்கு, அந்த அட்டை டப்பா மாம்பழ ஜூஸ் இருக்கிறதே, அதற்கு வரி 12-லிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது. டப்பாவைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். பலவற்றில் கோலாவுக்குச் சளைக்காத சர்க்கரை இருக்கும். கேஸ் இருந்தால் 40, கேஸ் இல்லாவிட்டால் 5. கணையத்துக்குக் கேஸ் கணக்கா தெரியும்?

அதே 2025 செப்டம்பரில் பிஸ்கட், கேக், சாக்லேட், ஐஸ்கிரீம் எல்லாம் 18-லிருந்து 5 சதவிகிதத்துக்கு இறங்கின. பாக்கெட் மிக்சர், புஜியா வகையறாவும் நூடுல்ஸும் 12-லிருந்து 5-க்கு வந்தன. நடுத்தரக் குடும்பத்துக்குச் செலவு குறையட்டும், வரி முறை எளிமையாகட்டும் என்பது அரசின் எண்ணம். அதைக் குறை சொல்ல முடியாது; நெய், வெண்ணெயிலிருந்து குடிதண்ணீர் பாட்டில் வரை அந்தக் குறைப்பு வந்தது. ஆனால் அதே வருஷம் ஜனவரியில், மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கைதான், அதிகம் பதப்படுத்திய பாக்கெட் உணவுகளுக்குக் கூடுதலாக ‘ஆரோக்கிய வரி’ போடுவது பற்றி யோசிக்கலாம் என்று எழுதியிருந்தது. ஜனவரியில் யோசனை ஒரு பக்கம், செப்டம்பரில் நடை மறுபக்கம்!

இதன் பலன் கடையில் எப்படித் தெரிந்தது?

‘‘அண்ணாச்சி, பிஸ்கட் விலை குறைஞ்சிருச்சாமே?’’

‘‘அதே பத்து ரூபாதாம்மா. உள்ள எடையைக் கூட்டியிருக்கான், பாருங்க.’’

பல ஊர்க் கடைகளில் நடந்திருக்கக்கூடிய பேச்சுதான் இது. 5 ரூபாய், 10 ரூபாய் பாக்கெட்டுகளுக்கு விலையை மாற்றுவது கஷ்டம் என்பதால், பல கம்பெனிகள் எடையைக் கூட்டின. பிள்ளையின் பாக்கெட் மணி அதே பத்து ரூபாய்தான். ஆனால் வயிற்றுக்குள் போகிற மாவும் எண்ணெயும் உப்பும் கூடிவிட்டது. வரியின் சக்தி எப்படிப்பட்டது என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். ஏற்றினாலும் அது வேலை செய்யும். இறக்கினாலும் வேலை செய்யும்!

நாலு கேள்வி, நாலு பதில்

ஏழை வயிற்றில் அடிப்பது ஆகாதா?

நியாயமான பயம். பத்து ரூபாயில் ஒரு ரூபாய் கூடினால் அது ஏழைக்குத்தான் உறைக்கும். ஆனால் மெக்சிகோவில் அதிகமாகக் குறைத்துக்கொண்டவர்களும் அவர்கள்தான். குறைத்துக்கொண்டவர் வரி கட்டுவதில்லை. டயாலிசிஸ், கால் புண், கண் ஆபரேஷன் என்று வந்தால் வசதியானவர் சமாளிப்பார். ஏழைக் குடும்பம் வட்டிக்கு வாங்கும். நோயே ஏழைக்குப் பெரிய வரிதான். ஆனால் ஒரு நிபந்தனை: குடிதண்ணீர், பழம், பயறு, முட்டை எல்லாம் மலிவாகக் கிடைக்க வேண்டும். அதைச் செய்யாமல் வரி மட்டும் போட்டால் அது வெறும் வசூல்.

என் உடம்பு, என் இஷ்டம் இல்லையா?

பெரியவர்களுக்கு அந்த உரிமை உண்டு. வரி என்பது தடை இல்லை. வேண்டும் என்றால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு ‘இஷ்டம்’ எங்கிருந்து வருகிறது? டி.வி. விளம்பரத்திலிருந்தும், கூடவே வரும் ஸ்டிக்கரிலிருந்தும்தானே? விளம்பரத்துக்குப் பணம் கொட்டுகிறவன் ஒரு பக்கம் இழுக்கும்போது, மறுபக்கம் கொஞ்சம் கனம் வைப்பதில் தப்பில்லை.

வீட்டு டீக்கும் மைசூர்பாகுக்கும் வரி போடுவார்களா?

முடியாது, தேவையும் இல்லை. இது வரியின் எல்லை. ஒரு டம்ளர் டீயில் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை, நாளைக்கு நாலு டம்ளர் என்றால் அதுவே 40 கிராம்! எந்த நிதி அமைச்சரும் உங்கள் அடுப்படிக்குள் வந்து இதைக் குறைக்க முடியாது. அது உங்கள் கையில் இருக்கும் ஸ்பூன்.

வரி மட்டும் போதுமா?

போதாது. சிலி நாட்டில் 2016 முதல், சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பாக்கெட்டுகளின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண முத்திரை போட வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். ஸ்கூலுக்குள் அவற்றை விற்கவும் முடியாது. நம் ஊரிலும் 2025 மே மாசம், சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளில் ‘சர்க்கரைப் பலகை’ வைக்கச் சொன்னது. எந்தத் தின்பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்று பிள்ளைகளே பார்த்துத் தெரிந்துகொள்ள! நல்ல ஆரம்பம்.

வரியே போதையானால்...

ஒரு ஆபத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கெட்ட பழக்கத்தில் வருகிற பணத்துக்கு அரசாங்கமே பழகிப்போனால் என்ன ஆகும்?

தமிழ்நாட்டில் மதுக்கடைகளை 2003-லிருந்து அரசு நிறுவனமான டாஸ்மாக்தான் நடத்துகிறது. 2023-24-ல் மட்டும் மது விற்பனை மூலம் மாநிலத்துக்கு வரியாக வந்தது 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் இவ்வளவு பெரிய வருமானத்தை விடுவது சுலபமில்லை. குடி குறைந்தால் குடும்பத்துக்கு லாபம். கஜானாவுக்கு நஷ்டம் என்ற இக்கட்டில் அரசாங்கம் மாட்டிக்கொள்கிறது. விலையை ஏற்றிக்கொண்டே போகவும் முடியாது. மலிவான விஷச் சாராயம் மூலையில் காத்திருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டவர்கள் பலியானார்களே, மறக்க முடியுமா?

அதனால்தான் பிரிட்டன் உதாரணம் முக்கியம். வருமானம் குறையக் குறைய, ‘பலே, வேலை செய்கிறது’ என்று சந்தோஷப்படுகிற வரிதான் ஆரோக்கிய வரி. வருமானம் குறைந்ததும் கவலைப்படுகிற வரி, வெறும் வரி.

நல்ல வரிக்கு ஐந்து அடையாளம்

1. ஒரு கிராம் கூடினால் வரியும் கூட வேண்டும். குறைத்தால் வரியும் குறைய வேண்டும். தென் ஆப்பிரிக்காவில் 2018 முதல், 100 மில்லியில் 4 கிராமைத் தாண்டிய ஒவ்வொரு கிராம் சர்க்கரைக்கும் வரி.

2. அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு போன்ற அன்றாடப் பொருளைத் தொடக் கூடாது.

3. வரி விழும் பொருளுக்குப் பக்கத்திலேயே நல்ல மாற்று மலிவாக இருக்க வேண்டும். கேஸ் பானத்துக்கு வரி, கேஸ் இல்லாத சர்க்கரைத் தண்ணீருக்குச் சலுகை என்பது மாற்று ஆகாது.

4. முன்கூட்டியே அறிவித்து, தயாரிப்பாளர் திருந்த அவகாசம் தர வேண்டும்.

5. வந்த பணம் ஸ்கூல் குடிதண்ணீருக்கும், விளையாட்டு மைதானத்துக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போவது ஜனங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், நம் 40 சதவிகித வரிக்குப் பாதி மார்க்தான். வரி வேண்டாம் என்று தூக்கிப் போடத் தேவையில்லை. அதே வரியைச் சர்க்கரையின் கிராம் கணக்குக்கு மாற்றி, அட்டை டப்பா ஜூஸையும் அந்தத் தராசில் ஏற்றினாலே போதும். கம்பெனிகள் தானாகவே ஸ்பூனைக் குறைக்க ஆரம்பிக்கும்.

அதுவரை நம் வீட்டில்...

* பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கப் பழகுங்கள். ‘சேர்க்கப்பட்ட சர்க்கரை’ 100 மில்லியில் 5 கிராமுக்கு மேல் என்றால், பிரிட்டனில் அது வரி கட்ட வேண்டிய பானம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

* கிராமை ஐந்தால் வகுத்தால் எத்தனை டீஸ்பூன் என்று தெரிந்துவிடும். இந்தக் கணக்கைப் பிள்ளையையே போடச் சொல்லுங்கள். நாம் திட்டுவதைவிட அது நன்றாக உறைக்கும்.

* கூல்டிரிங்க்ஸை ஃபிரிட்ஜில் வாங்கி அடுக்கி வைக்காதீர்கள். கண்ணில் பட்டால் கை போகும். விசேஷத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

* நீர்மோர், பானகத்தில் நீர்மோருக்கே முதலிடம். பானகம் வெல்லம்தான், அதுவும் சர்க்கரைக் கணக்கில்தான் சேரும். இளநீர், சர்க்கரை சேர்க்காத எலுமிச்சைத் தண்ணீர் நல்லது. சர்க்கரை நோய் இருப்பவர்கள் இளநீரின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

* டீ, காபியில் இந்த வாரம் அரை ஸ்பூன் குறையுங்கள். ரெண்டு வாரத்தில் நாக்கு பழகிவிடும். பிறகு இன்னொரு அரை.

* மிச்சப்பட்ட கூல்டிரிங்க்ஸ் காசை ஒரு உண்டியலில் போடுங்கள். மாசக் கடைசியில் அதில் பழம் வாங்குங்கள். அரசாங்கம் போடாத வரியை வீட்டில் நாமே போட்டு, பலனையும் நாமே சாப்பிட்ட மாதிரி இருக்கும்!